செயப்பாட்டு வினை

பட்டாபிராம்
12-7-1970

மதிப்பிற்குரிய கோவிந்தராஜ் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ராஞ்சி விலாசத்தை உங்கள் தம்பியிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்கத் தயங்கினார். வற்புறுத்தித்தான் வாங்கினேன்.

நம் தமிழ்க் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் எழுதிய வாக்கியத்தைப் படித்து, "இதுதான் தங்கவேலுவின் விரல்களை எடுத்தது" என்று நான் சொன்னேன். நீங்கள் அன்று எழுந்து போனவர்தான், திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் கம்பெனியையும் விட்டுவிட்டு வடக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சமாதானம் பேச இதை எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

தங்கவேலுவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். 'எழுத்து மூலமான செயல்முறையைத் தொழிலாளி மீறினார்' என்று கம்பெனி பதில் மனு போட்டு, சாட்சியமாக நம் செயல்முறைத் தாளை இணைத்திருக்கிறது. கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுதியவர் நீங்கள். மொழி பார்த்தவள் நான்.

நடந்ததை எழுதித் தரும்படி தங்கவேலுவின் வக்கீல் கேட்டார். எழுதிக் கொடுத்ததையே உங்களுக்கும் எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் டையை, அதாவது வெட்டும் அச்சை, மாற்ற வேண்டியிருந்தது. தாளில், 'மின்னோட்டம் நிறுத்தப்பட்டு, காப்புத் தகடு அகற்றப்பட்ட பின்னர், அச்சு மாற்றப்படும்' என்று இருந்தது. எலக்ட்ரீஷியன் சுலைமான் வந்து பார்த்துவிட்டுப் போனதால் அவர் நிறுத்திவிட்டார் என்று தங்கவேலு நினைத்தார். மெஷின்காரர் நிறுத்திக்கொள்வார் என்று சுலைமான் நினைத்தார். தங்கவேலு தகட்டைக் கழற்றிக் கையை உள்ளே விட்டபோது கால் பெடலில் பட்டது. அவ்வளவுதான். ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட்டவர்கள், இப்போது விசாரணையில் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

நம் ஆலைத் தமிழ்க் குழு இன்னும் நடக்கிறது. போல்ட்டுக்கு மரையாணியா, திருகாணியா என்று ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? இப்போது சொற்களை விட்டுவிட்டு வாக்கியத்துக்கு வந்திருக்கிறோம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ள எல்லாக் கம்பெனிகளும் ஏற்கும்படி செயல்முறைத் தாள்களுக்கு ஓர் எழுத்து நெறி தயாராகிறது. 'செய்பவர் யார் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டும்' என்று ஒரு விதியை நான் முன்வைத்திருக்கிறேன்.

நான் வேண்டுவது இதுதான். அந்த வாக்கியம் தெளிவாக இல்லை என்று நீங்கள் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். எழுதியவரே சொன்னால்தான் எடுபடும்.

இப்படிக்கு,
லோகநாயகி


ராஞ்சி
3-8-1970

திருமதி லோகநாயகி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சம்பவத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் தவறு இல்லை. மற்றதில் எல்லாம் தவறு இருக்கிறது.

நான் எழுதியது மொழிபெயர்ப்பு. மெஷினோடு வந்த ஆங்கிலக் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. செயப்பாட்டு வினை என்பது நான் கண்டுபிடித்ததல்ல. விஞ்ஞானம் எழுதுகிறவர்கள் ஆளைச் சொல்லுவதில்லை, செயலைத்தான் சொல்லுவார்கள். கல்லூரியில் 'நான் ஊற்றினேன்' என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள், 'ஊற்றப்பட்டது' என்றுதான் எழுத வேண்டும். நான் எழுதியது குற்றம் என்றால் என் வாத்தியார்கள் எல்லோரையும் கூண்டில் ஏற்றுங்கள்.

இன்னொன்று. அந்தத் தாள் அச்சுக்குப் போகுமுன் உங்கள் மேஜைக்கு வந்தது. நீங்கள் சிவப்பு மையில் ஒற்றுப் பிழைகளைத் திருத்தி அனுப்பினீர்கள். அந்த வாக்கியத்தின் மேல் உங்கள் பேனா படவே இல்லை. கூட்டத்தில் படித்துக் காட்டினீர்களே, அதைச் சொன்னீர்களா?

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். இங்கே வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பழைய முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் என்ற பெயரோடு நான் எங்கே போய் வேலை கேட்பது? தங்கவேலு நல்ல மனிதர். அவருக்காக வருத்தப்படுகிறேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கோவிந்தராஜ்


பட்டாபிராம்
30-8-1970

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். அடுத்த ஞாயிறே கூட்டத்தில் சொன்னேன். சிவப்பு மையைப் பற்றியும் சொன்னேன். என் மகன் தமிழ்ப் பாடத்தில் செய்கிற வேலையை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன் என்றும் சொன்னேன். புலவர் துலுக்கானம் ஐயா மட்டும், "ஒற்று முக்கியமில்லேன்னு அர்த்தம் பண்ணிக்கக் கூடாதும்மா" என்றார். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பருத்திப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்து, எந்தக் கம்பெனியிலும் வேலை செய்யாமல், நமக்காக ஞாயிறுகளைச் செலவழிக்கிறவர். கோபித்துக்கொள்ள முடியவில்லை.

பழைய தாளைப் பிரஸ் ஷெட் ஆட்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுதும்மா" என்றார்கள், எல்லோரும். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "கரண்டை யார் நிறுத்தணும்?" என்றேன். ஒருவர் எலக்ட்ரீஷியன் என்றார். இன்னொருவர் "நான்தான்" என்றார். சூப்பர்வைசர் என்று சொன்னவரும் உண்டு. ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா, அத்தையே சொல்றேன்" என்றார். புரியவில்லை என்று சொன்னால் சீட்டு கிழிந்துவிடுமோ என்ற பயம். 'புரிந்ததா என்று கேட்டுச் சோதிக்கக் கூடாது' என்பதையும் நெறியில் சேர்த்துவிட்டோம்.

என் விதிதான் சிக்கிக்கொண்டது. நமக்குக் கூட்டம் போட இடம் கொடுப்பதும் அச்சுச் செலவு ஏற்பதும் கம்பெனிகள்தான். வழக்கு நடக்கும்போது இப்படி ஒரு விதி வந்தால் நம் கம்பெனிக்குச் சங்கடம் என்று மேலேயிருந்து சொல்லியனுப்பினார்கள். அன்று வராதவர்களே அதிகம். வந்தவர்கள் ஓட்டுப் போட்டு, 'கூடுமானவரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்து விதியை நிறைவேற்றினார்கள். 'கூடுமானவரை, செய்பவர் யார் என்று சொல்ல வேண்டும்.' நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன். தோற்றுவிட்டேன்.

தங்கவேலுவின் மனைவி ராணி நேற்று வீட்டுக்கு வந்தாள். பதில் மனுவை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "இன்னாம்மா இது, எழ்தி வெச்சத்தப் படிக்காம கைய வுட்டாருன்னு எழ்திக்கீறாங்க? எட்டாவது பாஸ் பண்ண மனுசன்மா அவரு. அந்தத் தாள மனப்பாடமா சொல்றாரு. ராத்திரிலாம் அத்தையே சொல்லிகினு கீறாரு. என்னாண்ட ஒரு வார்த்தை பேசறதில்ல" என்றாள்.

அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

லோகநாயகி


ராஞ்சி
19-11-1970

சகோதரி லோகநாயகிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. கோபம் முதல் வாரத்திலேயே வேறு ஏதோ ஆகிவிட்டது.

உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன். நீங்கள் கேட்கிற மாதிரி எழுதினால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று காட்டி, அந்தக் காகிதத்தை உங்களுக்கு அனுப்புவதாக எண்ணம்.

'எலக்ட்ரீஷியன் மின்னோட்டத்தை நிறுத்த வேண்டும்' என்று எழுதினேன். இரண்டாவது ஷிப்டில் மூன்று ஷெட்டுக்கும் சேர்த்து ஒரே எலக்ட்ரீஷியன் என்பது நினைவுக்கு வந்தது. அடித்தேன். 'இயந்திரத்தை இயக்குபவர் நிறுத்த வேண்டும்' என்று எழுதினேன். மெயின் சுவிட்ச் பெட்டி பூட்டியிருக்கும், சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். அதையும் அடித்தேன். 'சூப்பர்வைசர்' என்று எழுதினேன். டை மாற்றுகிற நேரத்தில் அவர் ஷெட்டில் இருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

யார் பெயரைப் போட்டாலும் வாக்கியம் பொய்யாகிவிடுகிறது, லோகநாயகி. கம்பெனியில் அதை யாரும் முடிவு செய்திருக்கவே இல்லை. 'நிறுத்தப்பட்டு' என்று எழுதியதால் நான் போய்க் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. பெயர் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு விதி அன்று இருந்திருந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு வொர்க்ஸ் மேனேஜர் அறைக்குப் போயிருப்பேன். "சார், யார் சார் நிறுத்தறது?" என்று கேட்டிருப்பேன். அவர் திட்டியிருப்பார். திட்டிவிட்டு ஒருவரை நியமித்திருப்பார்.

இது தமிழ் நடையைப் பற்றிய சண்டை என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கண்ணம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் அழுதாள். பிறகு, வேலை போனால் ஊருக்கே திரும்பிப் போய்விடலாம், இந்தக் குளிர் பெரியவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பயத்தை அப்படிச் சொல்லுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

வழக்குத் தேதியை எழுதுங்கள். வருகிறேன்.

கோவிந்தராஜ்


பட்டாபிராம்
6-1-1971

அன்புள்ள சார்,

தேதி மார்ச் மாதத்தில் வருகிறது. தனியாகக் கார்டு போடுகிறேன்.

வரும்போது எங்கள் வீட்டில் தங்க வேண்டாம். மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். நான் வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தது கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. என்னை மொழிப் பிரிவிலிருந்து ஸ்டோர்ஸில் டைப் அடிக்க மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டால், 'நிர்வாக நலன் கருதி மாற்றப்பட்டுள்ளார்' என்று எழுத்தில் பதில் வருகிறது. யார் மாற்றினார்கள் என்று அதிலும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஆவடியில் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர். அவருக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று நடுங்குகிறார். "ஊரில் வேறு யாருமே எழுதவில்லையா, உனக்கு மட்டும் என்ன வந்தது?" என்கிறார். சண்டையாகச் சொல்லவில்லை. தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

குழுவுக்கு இனி இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நெறிப் புத்தகம் மட்டும் அச்சாகி வந்துவிட்டது, 'கூடுமானவரை'யோடு.

சுலைமானைக் கம்பெனி தன் பக்கச் சாட்சியாகப் போட்டிருக்கிறது.

லோகநாயகி


ராஞ்சி
21-3-1971

அன்புள்ள லோகநாயகி,

வழக்கு நாளன்று உங்களுக்கு லீவு தரவில்லை என்று ராணி சொன்னாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் மரியாதையானவர். நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார்.

"இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை உண்டா?" என்றார்.

"இல்லை."

"ஆங்கில மூலத்துக்கு மாறாக ஏதாவது?"

"இல்லை."

"பின்னே என்னதான் குறை?"

"அதில் ஆள் இல்லை சார்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் ராஞ்சியில் அடித்து அடித்து எழுதியதை அப்படியே சொன்னேன். எலக்ட்ரீஷியன், மெஷின்காரர், சூப்பர்வைசர், பூட்டிய பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி குறித்துக்கொண்டார். அதுவரை நன்றாகத்தான் போயிற்று.

அப்புறம் வக்கீல் நம் நெறிப் புத்தகத்தை எடுத்தார். "உங்கள் துறை நிபுணர்களே கூடி வகுத்த விதி இது. 'கூடுமானவரை' என்று இருக்கிறது. ஆகவே, கூடாத இடத்தில் ஆளைச் சொல்லாமல் எழுதலாம் என்று உங்கள் குழுவே ஒப்புக்கொள்கிறது. அப்படித்தானே?" என்றார். அந்தச் சொல்லை ஏன் சேர்த்தார்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார். "ஆமாம், அப்படி எழுதியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

எனக்குப் பிறகு சுலைமான் ஏறினார். "மெஷின்காரர்தான் நிறுத்தணும்னு நெனச்சேன்" என்று கம்பெனி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். "அப்படி யார் சொன்னார்கள்?" என்று தங்கவேலுவின் வக்கீல் கேட்டார். அதற்குச் சுலைமான், "யாரும் சொல்லல சார். நானா நெனச்சுகினேன். அவனும் அப்டித்தான் நெனச்சிருப்பான்" என்றார். அதைச் சொல்லும்போது தங்கவேலுவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

வெளியே தங்கவேலு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக் கூச்சமாக நின்றேன். விரல்கள் போன வலக்கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. "இப்போ அங்க யாரு எழ்துறாங்க?" என்றார்.

"எதை?"

"தாளு. டை மாத்தற தாளு. என் மிசின்ல இப்போ வேற ஆளு நிக்கிறான். அவனுக்கு யாரு எழ்திக் குடுக்கறாங்க?"

தெரியாது என்றேன். "நீ ரயிலேறிப் பூடுவ" என்று சொல்லிவிட்டு ராணியைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். நான் செய்தது அவருக்குப் போதவில்லை. போதும் என்று அவர் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே ரயிலில் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் கேட்டதற்கு உங்களுக்காவது பதில் தெரியுமா?

கோவிந்தராஜ்


பட்டாபிராம்
22-8-1971

அன்புள்ள சார்,

தீர்ப்பு வந்துவிட்டது. தங்கவேலு கவனக்குறைவாக நடந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை, நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பழைய வேலையை அந்தக் கையால் செய்ய முடியாது என்பதால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கம்பெனி மேல்முறையீடு செய்யும் என்று பேசிக்கொள்கிறார்கள். ராணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கவேலு கேட்டதற்கு இப்போது பதில் தெரியும். யாரும் எழுதவில்லை. தீர்ப்பு வந்த வாரமே தமிழ்த் தாள்களை எல்லாம் ஷெட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய ஆங்கிலத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். இனி யாரும் வழக்குப் போட முடியாதாம், அது மெஷின் செய்தவன் எழுதியது. நான் ஸ்டோர்ஸிலிருந்து போய்ப் பார்த்தேன். அதன் முன்னால் நிற்கும் பையனுக்கு ஏ, பி, சி மட்டும் தெரியும். நாம் இவ்வளவு பாடுபட்டதில் அவனுக்கு முன்பு இருந்ததும் போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஆனாலும் இன்று பருத்திப்பட்டில் புலவர் ஐயா வீட்டுக் கூடத்தில் குழு கூடியது. எஸ்டேட்டிலிருந்து கொஞ்சம் பேர்தான் வந்தார்கள், மேலதிகாரிகளுக்குத் தெரியாமல். முதல் காரியமாகப் புலவர் ஐயாவே எழுந்து, "அந்தக் கூடுமானவரைக்கு நானும் கையைத் தூக்கினேன், கோர்ட்டுலே அது என்ன பண்ணிச்சுன்னு கேட்டப்புறம் தூக்கம் வரலே" என்று சொல்லி, அந்தச் சொல்லை எடுத்துவிட முன்மொழிந்தார். எதிர்ப்பு இல்லை. எந்தக் கம்பெனியும் ஏற்காத புத்தகம் என்பதால் யாருக்கும் பயமும் இல்லை.

தங்கவேலுவைக் கூப்பிட்டிருந்தேன். சுலைமானையும் கூப்பிட்டிருந்தேன், ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல். செய்தது சரியா என்று தெரியவில்லை. இருவரும் கூடத்தின் இரு மூலைகளில் உட்கார்ந்துகொண்டார்கள்.

டை மாற்றும் தாளைப் புதிதாக எழுத ஆரம்பித்தோம். 'மின்னோட்டத்தை' என்று எழுதிவிட்டு, "யார் நிறுத்தணும்?" என்று கேட்டேன்.

"நான்னு எழ்து" என்றார் தங்கவேலு. "உள்ள வைக்கிறது என் கையி. நாந்தான் நிறுத்தணும்."

"பெட்டி பூட்டி கெடக்கும், நீ எங்கேந்து நிறுத்துவ?" என்றார் சுலைமான், என்னைப் பார்த்துக்கொண்டே. "எலக்ட்ரீஷியன்னு எழ்தும்மா. அது என் வேலை. நான் வர்ற வரைக்கும் அவன் தொடக் கூடாதுன்னு எழ்து."

"நீ மூணாவது ஷெட்ல மாட்டிகினு இருப்ப. நான் பாத்துகினே நிக்கணுமா?"

"ஆமா, நில்லு! புரொடக்ஷன் போனாப் போவுது, நில்லு!"

விசாரணையில் 'அவன்தான், அவன்தான்' என்று சொன்னவர்கள் சார். நான் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சுலைமான் எழுந்து கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். மெயினை நிறுத்தினால் மட்டும் போதாது, வேறு யாராவது வந்து திரும்பப் போட்டுவிடுவார்கள், பெட்டியில் இருக்கும் பீஸ் கட்டையை, அதாவது ஃபியூஸை, பிடுங்கிவிட வேண்டும் என்றார். பிடுங்கினதை யார் வைத்துக்கொள்வது என்று புலவர் ஐயா கேட்டார்.

"நான் புடுங்கி, இவன் கையில குடுத்துர்றேன். வேலை முடிச்சி இவனா என்னாண்ட திருப்பிக் குடுக்கற வரைக்கும்..." என்று சொல்லிக்கொண்டே வந்த சுலைமான், கட்டையை நீட்டுவதுபோல் தங்கவேலுவின் முன் கையை நீட்டிவிட்டார். நீட்டியபின்தான் யார் முன்னால் நீட்டியிருக்கிறோம் என்று உறைத்தது. கையை எடுக்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.

தங்கவேலு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"இடது கையில குடு" என்றார்.

'எலக்ட்ரீஷியன் பீஸ் கட்டையைப் பிடுங்கி, டை மாற்றுபவரின் கையில் கொடுக்க வேண்டும்' என்று தாளில் எழுதினேன்.

இப்படிக்கு,
லோகநாயகி